பரிமாற வந்த கை

கேள்வி: எங்கள் ஊரில் பதினான்கு பேர் சேர்ந்து, அரசு மருத்துவமனையில் நோயாளிகளுக்குத் துணையாகத் தங்கியிருப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் மதிய உணவு வழங்கி வருகிறோம். எதிரிலுள்ள மண்டபத்தில் பந்தி போட்டு இலையில் பரிமாறுவது வழக்கம். ஊருக்கு வெளியே தொழுநோயிலிருந்து குணமானவர்கள் வசிக்கும் குடியிருப்பிலிருந்து பெரியவர் ஒருவர் போன மாதம் வந்தார். சாப்பிடத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து இலை போட்டோம். அவரோ, "சாப்பாடு வேண்டாம்மா, நானும் உங்களோடு சேர்ந்து பரிமாறலாமா?" என்று கேட்டார். முப்பது ஆண்டுகளுக்கு முன்பே சிகிச்சை முடிந்துவிட்டதாகச் சொல்லி மருத்துவமனை அட்டையையும் எடுத்துக் காட்டினார். அவருடைய விரல்கள் மடங்கியிருக்கின்றன. மண்டபத்துக்குள்ளும் செருப்பைக் கழற்றுவதில்லை. எங்களில் ஐந்து பேர், அவர் பரிமாறினால் தாங்கள் வரமாட்டோம் என்கிறார்கள். பின்கட்டில் பாத்திரம் கழுவவோ காய் நறுக்கவோ விடலாமே என்கிறார் ஒருவர். நன்கொடை தருபவர்கள் விலகிவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. அவர் பரிமாறுவது சுகாதாரமானதுதானா? பின்கட்டு வேலை கொடுத்தால் தவறா? சாப்பிட வருகிறவர்கள் மறுத்தால் என்ன செய்வது?
ஒரு வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தொழுநோயால் கை கால்களில் உணர்ச்சியை இழந்தவர்களுக்கு இயன்முறை சிகிச்சை அளிப்பதே இருபத்தாறு ஆண்டுகளாக என் தொழில். உங்கள் கடிதத்தில் இருக்கும் மூன்று கேள்விகளுக்கும் அந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்ல முடியும். முதல் கேள்விக்கான பதிலை உடனே சொல்லிவிடுகிறேன்: அந்தப் பெரியவர் தாராளமாகப் பரிமாறலாம். அவர் கையிலிருந்து உணவு வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்கு அவரால் தொழுநோய் வராது.

காரணத்தையும் சொல்ல வேண்டும். "மருத்துவர்கள் சொல்கிறார்கள்" என்ற ஒற்றை வரியை நம்பி யாரும் ஒரு பழைய பயத்தைக் கைவிடுவதில்லை. தொழுநோயை உண்டாக்குவது மைக்கோபாக்டீரியம் லெப்ரே என்ற கிருமி. நார்வே நாட்டு மருத்துவர் ஹேன்சன் 1873-ஆம் ஆண்டிலேயே அதைக் கண்டறிந்துவிட்டார். சாபம், பாவம், பரம்பரை என்று ஊர் பேசிய விளக்கங்கள் எல்லாம் அன்றே அடிபட்டுப் போயின. சிகிச்சை பெறாத நோயாளி ஒருவருடன் நீண்ட காலம் நெருங்கிப் பழகும்போது, மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் வெளிப்படும் நுண்துளிகள் வழியாக அது பரவுகிறது. கைகுலுக்குவதாலோ, பக்கத்தில் உட்கார்வதாலோ, ஒரே பந்தியில் சாப்பிடுவதாலோ பரவுவதில்லை. மக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே இருக்கிறது. 1981-ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து சிகிச்சை வந்த பிறகு நிலைமையே மாறிவிட்டது. அந்த மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் முதல் வேளையிலேயே கிருமிகளில் மிகப் பெரும்பகுதியைக் கொன்றுவிடுவதால், சிகிச்சை தொடங்கியவரிடமிருந்து நோய் பிறருக்குப் பரவுவது நின்றுவிடுகிறது. நோயின் வகைக்கேற்ப ஆறு மாதமோ ஒரு வருடமோ மருந்து சாப்பிட்டு முடித்தால் நோய் குணமாகிவிடும். முப்பது ஆண்டுகளுக்கு முன்பு சிகிச்சையை முடித்த அந்தப் பெரியவரை "தொழுநோயாளி" என்று அழைப்பதே தவறு. சிறு வயதில் அம்மை போட்டுத் தழும்பு மிஞ்சியவரை நாம் இன்றைக்கும் அம்மை நோயாளி என்று சொல்வதில்லை.

மடங்கிய விரல்களும் அப்படிப்பட்ட தழும்புதான். கிருமி நரம்புகளைத் தாக்கிய காலத்தில் விரல்களை நிமிர்த்தும் சிறு தசைகள் செயலிழந்திருக்கும், உணர்ச்சியும் போயிருக்கும். மருந்து கிருமியைக் கொல்லும், ஆனால் முன்பே பட்டுப்போன நரம்பைத் துளிர்க்க வைக்காது. விரல்கள் குறைந்துபோயிருப்பதைப் பார்த்து "நோய் தின்றுவிட்டது" என்று சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது அப்படியல்ல என்பதை உலகுக்கு எடுத்துக்காட்டிய பணி உங்கள் மாவட்டத்தில்தான் நடந்தது. 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், வலி தெரியாத கையால் சூடான பாத்திரத்தைத் தூக்கியவர்களையும், இரவில் எலி கடித்ததுகூடத் தெரியாமல் தூங்கியவர்களையும் கவனித்துப் பார்த்து, விரல்களைப் பறிப்பவை கவனிக்கப்படாத காயங்களே என்று கண்டறிந்தார். வேலை செய்கிற தசைநாணை இடம் மாற்றிப் பொருத்தி மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையையும் அவர் அங்கே வளர்த்தெடுத்தார்.

விலகி நிற்கும் அந்த ஐந்து பேரைப் பற்றிச் சொல்லும்போது உங்கள் எழுத்தில் கொஞ்சம் கோபம் தெரிகிறது. அவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று தள்ளிவிடாதீர்கள். 1898-இல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த தொழுநோயாளர் சட்டம், இந்நோய் உள்ளவர்கள் உணவுப் பொருள் தயாரித்து விற்பதையும், பொதுக் கிணற்றிலும் குளத்திலும் தண்ணீர் எடுப்பதையும், ரயிலைத் தவிர மற்ற வாடகை வண்டிகளில் ஏறுவதையும் தடை செய்ய அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. நோய்க்கு முறையான மருந்து வந்து பல பத்தாண்டுகள் கழிந்த பின்னும் சட்டப் புத்தகத்தில் இருந்த அது, 2016-இல்தான் நீக்கப்பட்டது. கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் இருப்பதைக் காரணம் காட்டி விவாகரத்துக் கோரலாம் என்ற பிரிவு நம் திருமணச் சட்டங்களிலிருந்து அகன்றது 2019-இல். சட்டமே நூற்றுப் பதினெட்டு ஆண்டுகள் "இவர்கள் கை பட்ட உணவு ஆகாது" என்று சொல்லிக்கொண்டிருந்த நாட்டில், பாட்டியிடமிருந்து அம்மாவுக்கும் அம்மாவிடமிருந்து மகளுக்கும் அந்தப் பயம் வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. அறிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தால் அது கரையும். ஆனால் ஒரே நாளில் கரையாது.

என் மனத்திலிருந்தும் அது ஒரே நாளில் கரையவில்லை. படிப்பை முடித்து வேலையில் சேர்ந்த முதல் மாதம், குணமானவர்கள் வாழும் குடியிருப்பு ஒன்றுக்குக் கால் புண்களுக்குக் கட்டுப் போடப் போயிருந்தேன். நோய் எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருந்த எனக்கு, ஒரு பாட்டி இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் டம்ளரை இடுக்கிக்கொண்டு வந்து டீ கொடுத்தார். "இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன், பாட்டி" என்றேன். அது பொய். அவர் ஒன்றும் சொல்லாமல் டம்ளரைத் திண்ணையின் ஓரத்தில் வைத்தார். நான் எல்லோருக்கும் கட்டுப் போட்டுவிட்டுக் கிளம்பும்போதும் அது ஆறிப்போய், ஆடை படிந்து அங்கேயே இருந்தது. அவருடைய காலைத் தொட்டுப் புண்ணைக் கழுவ எனக்குத் தயக்கமே இருக்கவில்லை. அவர் கொடுத்ததை வாங்கிக் குடிக்கத்தான் முடியவில்லை. நான் கொடுக்கிறவளாகவும் அவர் வாங்குகிறவராகவும் இருந்தவரை எல்லாம் எளிதாக இருந்தது. அடுத்த வாரம் போனபோது நானே கேட்டு வாங்கிக் குடித்தேன். இருந்தாலும் அந்த முதல் டம்ளரை என்னால் மறக்க முடியவில்லை.

உங்கள் பெரியவரின் கேள்வி என்னை உலுக்கியதற்கு அதுவே காரணம். அவருடைய குடியிருப்புக்கு அரிசி வந்திருக்கும், பண்டிகைக்கு வேட்டி வந்திருக்கும், பிறந்தநாள் கொண்டாடுகிறவர்கள் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்து போயிருப்பார்கள். முப்பது ஆண்டுகளாக வாங்கி வாங்கியே பழக்கப்பட்ட ஒருவர், அடுத்தவர் இலையில் ஒரு கரண்டி சோறு வைக்க ஆசைப்படுகிறார். அவரைச் சேர்த்துக்கொள்வதென்றால், வாங்குபவர்களின் வரிசையிலிருந்து கொடுப்பவர்களின் வரிசைக்கு அவர் வருவதற்கு வழிவிடுவதே ஆகும். கூடுதலாக ஓர் இலை போடுவது அவர் கேட்டதற்குப் பதிலாகாது.

இனி உங்கள் இரண்டாம் கேள்வி. பின்கட்டு வேலை கொடுப்பது தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். தவறுதான், அதிலும் இரண்டு வகையில் தவறு. யார் கண்ணிலும் படாமல் ஒருவரை ஒளித்து வைப்பது முதல் தவறு; அதை நீங்களே உணர்ந்திருப்பதால்தான் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவது, உங்கள் குழுவில் யாருக்கும் தோன்றியிருக்க வாய்ப்பில்லாதது: உணர்ச்சியில்லாத கைக்கு அந்த மண்டபத்திலேயே மிக ஆபத்தான இடம் சமையற்கட்டுதான். அடுப்பிலிருந்து இறக்கிய அண்டாவின் விளிம்பு கையைச் சுட்டாலும் அவருக்குத் தெரியாது. கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். அரிவாள்மணையில் விரல் பட்டால் ரத்தத்தைப் பார்த்துத்தான் உணர்வார். நெடுநேரம் தண்ணீரிலும் சோப்பிலும் ஊறினால், வியர்வை சுரக்காமல் ஏற்கெனவே வறண்டிருக்கும் தோல் வெடிக்கும், வெடிப்பு புண்ணாகும், புண் எலும்பு வரை போனால் விரல் குறையும். நரம்பு பாதிப்பால் கண் இமை சரியாக மூடாத நிலை சிலருக்கு உண்டு. அவருக்கும் அது இருந்தால் அடுப்புப் புகை கண்ணுக்குக் கேடு செய்யும். அந்த உறுப்பினர் நல்லெண்ணத்தோடு சொன்ன யோசனை, முப்பது ஆண்டுகளாகப் பெரியவர் பொத்திப் பொத்திக் காப்பாற்றி வைத்திருக்கும் கைகளை ஓராண்டில் கெடுத்துவிடக்கூடும். முன்னால் நின்று, ஆறிய உணவை நீண்ட காம்புள்ள கரண்டியால் பரிமாறுவதே அவருக்குப் பாதுகாப்பானது.

ஆகவே அவருக்கு வேலை ஒதுக்கும்போது சூட்டை மட்டும் மனத்தில் வையுங்கள். ரசமும் கொதிக்கும் சாம்பாரும் நிறைந்த வாளியை அவர் தூக்க வேண்டாம். தயிர்சாதம், பொரியல், அப்பளம், வாழைப்பழம், தண்ணீர் இவற்றில் எதையும் அவர் கொடுக்கலாம். அப்பளத்தையும் பழத்தையும் கையால் வைக்காமல் இடுக்கியாலோ தட்டிலிருந்தோ கொடுக்கும் முறையை எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டால், அவருக்கென்று தனி விதி தேவைப்படாது. பந்தி விசாரிப்பதும் ஒரு வேலை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். நம் வீட்டுக் கல்யாணங்களில் "இன்னும் கொஞ்சம் போடச் சொல்லவா, மோர் வந்ததா" என்று இலை இலையாகக் கேட்டு நடப்பவர் குடும்பத்தின் பெரியவராகத்தான் இருப்பார். மருத்துவமனையில் மாதக்கணக்கில் கிடந்து, உறவினர்கள் வந்து பார்ப்பது எப்படிக் குறைந்துகொண்டே போகும் என்பதையும் அறிந்த ஒருவர், அங்கே வாடிய முகத்தோடு உட்கார்ந்திருப்பவரிடம் அப்படி ஒரு வார்த்தை கேட்டால், அது நீங்களும் நானும் கேட்பதைப் போல இருக்காது.

செருப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் உறுப்பினர்களில் சிலருக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டிருக்கலாம். அவர் அணிந்திருப்பது பெரும்பாலும் எம்.சி.ஆர். செருப்பாக இருக்கும். பாதத்தின் அழுத்தத்தைப் பரவலாகத் தாங்கும் மெத்தென்ற தனி வகை ரப்பரால் செய்து, அரசின் தொழுநோய்த் திட்டத்தில் இலவசமாகத் தரப்படுவது அது. உள்ளங்காலில் உணர்ச்சியில்லாதவர் வெறுங்காலோடு நடந்தால், ஒரு சிறு கல் குத்திய இடம்கூட மாதக்கணக்கில் ஆறாத குழிப்புண்ணாக மாறும். செருப்பைக் கழற்றாதே என்று நாங்கள்தான் அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்புகிறோம். மண்டபத்துக்குள் மட்டும் போட்டுக்கொள்ள இன்னொரு ஜோடியை வாங்கி வைத்துவிட்டால், சுத்தமும் கெடாது, அவர் காலும் கெடாது. அதை அணிந்திருக்கும் காரணத்தை அவர் வாயால் சொல்ல வைக்காமல், நீங்களே மற்றவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

சுகாதார விதிகள் கட்டாயம் வேண்டும், ஆனால் பதினைந்து பேருக்கும் ஒன்றாக வேண்டும். சோப்புப் போட்டுக் கைகழுவுவது, தலையை மூடுவது, இருமலோ காய்ச்சலோ கையில் ஆறாத புண்ணோ இருப்பவர் அந்த ஞாயிற்றுக்கிழமை உணவைத் தொடாமல் இருப்பது என்று எழுதி ஒட்டிவிடுங்கள். பெரியவர் கையில் ஒரு நாள் புண் இருந்தால் அவரும் ஒதுங்கி உட்காரட்டும், உங்களுக்கு இருமல் இருந்தால் நீங்களும் உட்காருங்கள். அவருக்கு மட்டும் கையுறை மாட்டிவிட்டு மற்றவர்கள் வெறுங்கையோடு பரிமாறினால், விதி என்ற பெயரில் அவர்மீது ஒரு முத்திரை குத்தியதாகிவிடும். கையுறை வேண்டுமானால் எல்லோரும் போடுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் உறை சூடு பட்டால் தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால், அவர் சூடான பாத்திரத்தின் அருகே நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழுவில் இதை வாக்கெடுப்புக்கு விடாதீர்கள். ஒரு மனிதர் நம் பக்கத்தில் நிற்கலாமா என்று கை தூக்கச் சொன்னால், முடிவு எதுவானாலும் அந்தக் காட்சியின் காயம் மிஞ்சும். மறுக்கும் ஐந்து பேரையும் ஒரே கூட்டத்தில் உட்கார வைத்து விவாதிப்பதைவிட, ஒவ்வொருவரையும் தனியே பார்த்து, அவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று கேளுங்கள். ஒருவருக்கு வீட்டிலுள்ள பேரக்குழந்தையைப் பற்றிய கவலை இருக்கலாம். இன்னொருவர், மகளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் ஊர் என்ன பேசுமோ என்று நினைக்கலாம். முதலாமவருக்கு மருத்துவம் பதில் சொல்லும்: நீங்கள் உணவு வழங்கும் அதே அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் மருத்துவரைப் பார்த்துச் சந்தேகத்தைக் கேட்டுக்கொள்ளலாம். (உணர்ச்சியில்லாத, வெளிறிய அல்லது சிவந்த தேமல் யாருக்கு இருந்தாலும் அங்கே காட்ட வேண்டும், பரிசோதனையும் மருந்தும் இலவசம். உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியாவில்தான் இருக்கிறார்கள். வெளியே சொல்ல அஞ்சித் தாமதிப்பவர்களுக்கே பெரும்பாலும் விரல்கள் மடங்குகின்றன.) இரண்டாமவரின் கவலைக்கு மருத்துவத்தில் பதில் இல்லை. அவருக்குக் கொஞ்சம் காலம் கொடுங்கள். வேறு வேலை கேட்டால் மனம் கோணாமல் கொடுங்கள். பெரியவரை மட்டும் நகர்த்தாதீர்கள். யாராவது விலகியே போனால் வருத்தத்தோடு வழியனுப்பி, திரும்பி வர இடம் வைத்திருங்கள்.

சாப்பிட வருகிறவர்களில் ஒருவர் இலையை மூடினால் அவரோடு வாதாட வேண்டாம். அவர் வீட்டு நோயாளி உள்ளே படுத்திருக்கிறார்; பாடம் கேட்கும் மனநிலையில் அவர் இருக்க மாட்டார். வேறொருவர் போய் அவருக்குப் பரிமாறட்டும், பெரியவர் அடுத்த இலைக்கு நகரட்டும். அப்படி நடக்கும்போது பெரியவர் பக்கத்தில் உங்கள் ஆட்களில் ஒருவர் நிற்பது முக்கியம். நன்கொடையாளர்களிடம் நீங்களாகப் போய் அறிவிக்கத் தேவையில்லை. ஒருவருடைய நோய் வரலாறு அவருக்குச் சொந்தமானது. ரசீதோடு சேர்த்து அனுப்பும் செய்தியன்று. யாராவது கேட்டால், "எங்களோடு சேவை செய்கிறவர்" என்று சொல்லுங்கள். அதற்கு மேலும் கேட்டால், குணமானவர் என்ற உண்மையைப் பெரியவரின் சம்மதத்தோடு சொல்லுங்கள். அந்தப் பணம் நின்றுபோனால் நூறு பேருக்குப் பதில் எண்பது பேருக்குத்தான் சமைக்க முடியும் என்று வைத்துக்கொண்டாலும், என் முடிவு மாறாது.

வேலூர்க்காரரான உங்களுக்கு டாக்டர் மேரி வர்கீஸ் பெயர் தெரிந்திருக்கும். 1954-இல் நடந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்த அந்த இளம் மருத்துவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே பால் பிராண்டிடம் பயிற்சி பெற்று, தொழுநோயால் மடங்கிய கைகளை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். பிறகு வேலூரின் மறுவாழ்வு மருத்துவத் துறையை உருவாக்கி நடத்தினார். அவருடைய சக்கர நாற்காலியைப் பார்த்து, "பாவம், இனி தன்னைத் தானே பார்த்துக்கொண்டால் போதாதா" என்று அவரை ஓரமாக உட்கார வைத்திருந்தால் அந்தக் கைகள் மடங்கியபடியே இருந்திருக்கும். அவருக்கு அறுவை அரங்கில் மேசைக்கு அருகே இடம் கொடுத்தார்கள். நாற்காலிக்கு ஏற்ப வேலை முறையை மாற்றிக்கொண்டார்கள். உங்கள் பெரியவருக்கும் அதுவே தேவை.

பொன்னாடை போர்த்தி வரவேற்க வேண்டாம். படம் எடுத்து வாட்ஸ்அப் குழுக்களில் போட வேண்டாம். அட்டையை இன்னொரு முறை காட்டச் சொல்லவும் வேண்டாம். கேட்காமலே அவர் அதை எடுத்து நீட்டினார் என்றால், எத்தனை வாசல்களில் அதைக் காட்டிப் பழகியிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். மற்ற பதினான்கு பேரை எப்படி அழைக்கிறீர்களோ அப்படியே அவரையும் பெயரோடு ஐயா என்றோ, அண்ணன் என்றோ அழையுங்கள். பந்தி முடிந்து நீங்கள் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடும்போது அவருக்கும் அதே வரிசையில் இலை போடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பு ஒரு மாலை அவரை மண்டபத்துக்கு வரச் சொல்லி, காலிக் கரண்டியைக் கையில் கொடுத்துப் பாருங்கள். காம்பு மெலிதாக இருந்தால் மடங்கிய விரல்களுக்கு நடுவே நழுவும். பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி, பிடி நிறையும் வரை காம்பில் இறுக்கிச் சுற்றிக் கட்டினால் போதும். கழுவிக் காயவைக்க வசதியாக அதுபோல் இரண்டு கரண்டிகள் செய்து வையுங்கள். முதலில் தண்ணீரை மொண்டு ஊற்றச் சொல்லுங்கள், பிறகு அரிசியை அள்ளச் சொல்லுங்கள். எந்தக் கையில் பிடிப்பது சுலபம், எவ்வளவு நேரம் நிற்க முடியும், எந்த வரிசை வேண்டும் என்பதையெல்லாம் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.